வெந்த மண் யாருக்கு? வட சிலாங்கூர்த் தோட்டங்களில் ஒரு செங்கல் வரலாறு

தோட்டம் ஒன்று கலைந்துபோனால் முதலில் மறைவது லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீடு. பலகைச் சுவரைக் கரையான் தின்கிறது. கூரைத் தகட்டைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போகிறார். நட்டிருந்த கால்மரங்கள் மழையில் இற்று விழுகின்றன. சில ஆண்டுகளில், அங்கே குடும்பங்கள் வாழ்ந்ததற்கு ஒரு முருங்கையோ கறிவேப்பிலையோதான் சாட்சி. கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று உள்ளே போகிற வழியெங்கும் இப்போது செம்பனை. அதற்கு நடுவே எஞ்சி நிற்பவை பெரும்பாலும் சுட்ட கல்லால் ஆனவை: ரப்பர் ஸ்டோரின் அடித்தளம், புகைவீட்டுச் சுவர், புகைபோக்கி, அப்புறம் கோயில்.

மலேசியத் தமிழர் வரலாற்றைத் தேடுகிற நாம் கப்பல் பட்டியலையும் சம்பளப் புத்தகத்தையும் அரசாங்க அறிக்கையையும் புரட்டுகிறோம். தோட்டத்தைக் கட்டிய பொருளும் ஓர் ஆவணம்தான். எதை மரமும் அத்தாப்பு ஓலையுமாக விட்டார்கள், எதைச் செங்கல் வைத்து நிலைநிறுத்தினார்கள் என்று பார்த்தால், அந்தத் தோட்டம் யாருக்காகக் கட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதைக் கல் அறுத்த கையிலிருந்தும் அந்தக் கை வேலை செய்த சிறிய சூளையிலிருந்தும் தொடங்குவதே முறை.

கல் அறுக்கும் கை

தமிழ்நாட்டுச் சூளைக்காரர்கள் செங்கல்லைச் செய்வதாகச் சொல்வதில்லை, அறுப்பதாகவே சொல்வார்கள். களிமண்ணை வெட்டிக் குவித்து, தண்ணீர் விட்டு ஊறப்போட்டு, மண்வெட்டியால் கொத்திப் புரட்டி, காலால் மிதித்துக் குழைப்பது முதல் வேலை. அந்தக் குழைவில் வேரோ கூழாங்கல்லோ தங்கக் கூடாது. சிறு சுண்ணாம்புக் கட்டி ஒன்று உள்ளே இருந்துவிட்டால் போதும். சூளையில் அது நீறும். பிறகு ஈரம் பட்டதும் உப்பி, கல்லையே பிளந்துவிடும்.

குழைந்த மண்ணில் ஓர் உருண்டையை எடுத்து, மணல் தூவிய மர அச்சில் ஓங்கி அடித்து, மேலே மிஞ்சியதை வழித்துவிட்டு அச்சைத் தூக்கினால் பச்சைக்கல். களிமண் உலரும்போது சுருங்கும் என்பதால் அச்சு, வெந்த கல்லைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரியது என்பதை அந்தந்த ஊர் மண்தான் முடிவு செய்யும். ஓர் ஊரில் தலைமுறையாகப் பழகிய அச்சு இன்னோர் ஊரில் பொய்த்துப்போகும். ஊர் மாறிப் போகும் சூளைக்காரர் புதுமண்ணில் முதலில் சில கற்களை அறுத்துச் சுட்டுப் பார்ப்பது இதனால்தான்.

பச்சைக்கல் காய்ந்ததும் சூளை அடுக்குவார்கள். நெருப்பும் காற்றும் போக வழி விட்டு, கல்லுக்குக் கல் சந்து விட்டு அடுக்குவதில்தான் சூளைக்காரரின் திறமை இருக்கிறது. முதலில் இளஞ்சூட்டில் ஈரத்தை வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். 500 பாகை செல்சியஸ் அளவில் களிமண் தன்னுள் கட்டுண்டிருந்த நீரையும் இழக்கிறது. அதன்பிறகு அது மீண்டும் குழையும் மண்ணாக மாறாது. 900 பாகையைத் தாண்டும்போது துகள்கள் ஒன்றோடொன்று உருகிப் பிணைகின்றன. மண்ணிலுள்ள இரும்பு சிவப்பு நிறத்தைத் தருகிறது. சூளையைப் பிரித்தபின் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் வெந்த கல். மொத்தென்று கேட்டால் வேகாத கல், மழைக்குக் கரையும்.

இது ஒரு குடும்பத்தின் வேலை. ஆண் மண்ணைக் குழைத்து அறுப்பார். பெண் மண் சுமப்பார், காய்ந்த கல்லைப் புரட்டி அடுக்குவார். பிள்ளைகளும் களத்திலேயே வளர்வார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படும். முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்கு வரும் குடும்பம், அதை அடைத்து முடிக்கும் வரை சூளையை விட்டுப் போக முடியாது. மலாயாத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியும் இதே முன்பணத்தைத்தான் கையில் வைத்திருந்தார். கடன் கொடுத்துக் கையைக் கட்டிப்போடும் முறை கப்பல் ஏறும் முன்பே நம் மக்களுக்குத் தெரிந்த ஒன்று.

தமிழருக்கும் சுட்ட மண்ணுக்கும் உள்ள உறவுக்குக் கீழடியின் செங்கல் கட்டுமானங்களே சான்று. மலாயாத் தீபகற்பத்துக்கும் செங்கல் புதிதல்ல. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பெங்காலான் பூஜாங், சுங்கை பத்து போன்ற இடங்களில் பழங்கால வழிபாட்டிடங்களின் செங்கல் அடித்தளங்கள் கிடைத்துள்ளன.

ஆனால் தமிழ்நாட்டுச் சூளைக்காரர் மலாயாவுக்கு வந்தால் முதலில் மல்லுக்கட்ட வேண்டியது மழையோடு. தமிழ்நாட்டில் தை பிறந்தபின் வரும் வறண்ட மாதங்கள் கல் அறுக்கும் காலம். திறந்த களத்தில் வெயிலே வேலையைப் பாதி முடித்துக் கொடுத்துவிடும். மலாயாவில் அப்படி நீண்ட வறட்சி கிடையாது. காலையில் பரப்பிய பச்சைக்கல் மாலை மழையில் சேறாகிவிடும். அதனால் இங்கே கல் காய்வதற்கே கூரை வேண்டும், சூளைக்கும் கூரை வேண்டும். ஒரு செங்கல்லின் அடக்கவிலையில் கொட்டகையின் விலையும் சேர்ந்துகொள்ளும். செங்கல் இங்கே எளியவருக்கு எட்டாத பொருளாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தஞ்சோங் பகாரில் ஒரு சூளை

தென்கிழக்கு ஆசியாவில் தமிழர் நடத்திய சூளைகளில் நமக்குப் பெயரோடு தெரிகிற ஒன்று நாராயண பிள்ளையுடையது. 1819-ஆம் ஆண்டு மே மாதம், ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது, பினாங்கிலிருந்து அவருடன் கப்பலில் வந்தவர் அவர். முதலில் கருவூலத்தில் நாணயங்களைச் சரிபார்க்கும் எழுத்தர் வேலை. புதிய குடியேற்றத்தில் வீடுகள் எழும்புவதைக் கண்டவர், கல்லுக்குத் தேவை வரும் என்று கணித்துத் தஞ்சோங் பகாரில் சூளை போட்டார். பினாங்குக்கு ஆள் அனுப்பிக் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என்று அவர் நினைவுகூரப்படுகிறார்.

அவருடைய வாழ்வில் நம் கட்டுரைக்கு மிக முக்கியமான செய்தி வேறொன்று. துணி வியாபாரத்தில் இறங்கிய அவருடைய கடை 1822-இல் தீக்கிரையானது. கடனில் விழுந்து எழுந்தார். 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார். சூளை வைத்திருந்த அந்த மனிதர் எழுப்பிய முதல் கோயில், மரமும் அத்தாப்பு ஓலையுமானது. இன்றைய கோயிலின் மிகப் பழைய செங்கல் பகுதி 1843-ஐச் சேர்ந்தது. குடியேறிய தமிழர் முதலில் சாமிக்கு ஓர் இடம் பிடிப்பார்கள், கூரை போடுவார்கள், கை நிமிர்ந்தபின் அதைக் கல்லாக்குவார்கள். 1827-க்கும் 1843-க்கும் இடையிலான அந்தப் பதினாறு ஆண்டுகளைப் போன்ற ஒரு காத்திருப்பு, பின்னாளில் மலாயாத் தோட்டம் ஒவ்வொன்றிலும் திரும்ப நடக்கும்.

அடுத்த கட்டத்தில் சூளை அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1858-இல் சிராங்கூன் சாலையருகே அரசுச் செங்கற்சூளை தொடங்கியது. அங்கே மண் குழைத்தவர்களும் கல் அறுத்தவர்களும் இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1867-இல் ஆக்ராவில் நடந்த கண்காட்சியில் அவர்கள் அறுத்த கல்லுக்குப் பதக்கம் கிடைத்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை அவர்கள் கட்டினார்கள். அதன் சுவர்மேல் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசினார்கள். அதற்குச் ‘சென்னைச் சுண்ணாம்பு’ என்றே பெயர். பதக்கம் அரசாங்கத்துக்கு வந்தது. கல் அறுத்த கைதிகளின் பெயரைப் பதக்கத்தில் தேடிப் பயனில்லை.

சூளை என்னும் ஊர்ப்பெயர்

சென்னையில் சூளை என்று ஒரு பகுதி உண்டு, சூளைமேடு என்று இன்னொன்று. மதுரையில் காளவாசல். நகரம் வளர்ந்தபோது சூளை மறைந்து பெயர் மட்டும் தங்கிய இடங்கள் இவை. கோலாலம்பூரில் அதற்கு நேரான பெயர் பிரிக்ஃபீல்ட்ஸ்.

1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. ஓலையும் பலகையுமான நகரம் அழிந்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லிலும் ஓட்டிலும் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். நகரத்தையே கல்லாக்க வேண்டுமானால் கல் எங்கிருந்து வரும்? நகருக்குத் தெற்கே இருந்த களிமண் பூமியில் சூளைகள் எழுந்தன. பின்னாளில் சீனர்களின் தலைவராக, கப்பித்தானாக ஆன யாப் குவான் செங் அங்கே சூளை நடத்தியவர். சீனக் குடும்பங்களின் முதலும் உழைப்புமே அக்காலச் சூளைத் தொழிலைத் தாங்கின.

அந்த உழைப்பின் அளவை உணர ஒரு கட்டடம் போதும். 1894-இல் தொடங்கி 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமத் கட்டடத்துக்கு 40 லட்சம் செங்கல் செலவானதாகக் கணக்கு. நல்ல மண்ணும் நல்ல வெயிலும் வாய்த்து ஒருவர் நாளொன்றுக்கு ஆயிரம் கல் அறுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கற்களை அறுக்க அவருக்கு 4,000 நாள் வேண்டும். ஒரு நாள் விடாமல் அறுத்தால் ஏறத்தாழ 11 ஆண்டு. அறுப்பதற்கு மட்டுமே இந்தக் கணக்கு. மண் வெட்டியவர், சுமந்தவர், விறகு கொண்டுவந்தவர், சூளையில் கண்விழித்தவர் எல்லாரும் இதற்கு அப்பால்.

சூளை ஓய்ந்தபின் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே ஊழியர் குடியிருப்பாகி, தமிழரின் நகரமாயிற்று. ரயில்வேக்காரருக்குச் செங்கல் குடியிருப்பு கிடைத்தது. அதே காலத்தில் அதே கப்பலில் வந்து வடக்கே தோட்டத்துக்குப் போனவருக்குக் கிடைத்தது வேறு.

கடலோர மண், உள்நாட்டு மண்

கோலசிலாங்கூர் பழைய அரசூர். சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டை இருந்த புக்கிட் மலாவத்தியை 1784-இல் டச்சுக்காரர் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரலின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தனர். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். குன்றின்மேல் நின்று பார்த்தால் ஒருபுறம் கடல், சதுப்புக்காடு. மறுபுறம் முடிவில்லாத சமவெளி. அந்தச் சமவெளியின் மண்ணில்தான் தோட்டங்களின் வரலாறும் செங்கல்லின் வரலாறும் பிரிகின்றன.

கடல் விட்டுச் சென்ற சாம்பல்நிறக் களிமண் அது. மலேசிய மண்ணியலாளர் அதற்குச் ‘சிலாங்கூர் மண்வகை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வடிகால் வெட்டிப் பக்குவப்படுத்தினால் தென்னைக்கும் செம்பனைக்கும் அள்ளிக் கொடுக்கும் மண். ஆனால் களிமண் எல்லாம் கல்லாகாது. கடல்மண்ணில் உப்பும் கந்தகமும் உண்டு. அதை அறுத்துச் சுட்டால் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும், மேல்தோல் பொரிந்து உதிரும். இன்னும் சற்று உள்ளே போனால் கரிச்சதுப்பு நிலம். அங்கே மண்வெட்டி இறங்கினால் வருவது மக்கிய இலைதழை. உள்நாட்டில் ஆற்றோரப் படிவு மண்ணும் பாறை மக்கிய களியும் கிடைக்கும் இடங்களில்தான் சூளைக்கு மண் உண்டு. கோலசிலாங்கூர்க் கரையோரத் தோட்டத்துக்குச் செங்கல் என்பது வெளியிலிருந்து வந்து இறங்க வேண்டிய, காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. காசு கொடுத்து வாங்கும் சரக்கை நிர்வாகம் எங்கே செலவழிக்கும் என்பதுதான் கேள்வி.

விடை எளிது. பணம் தரும் இடத்தில் செலவழிக்கும். தோட்டத்தில் செங்கல் முதலில் போன இடம் புகைவீடு. பால் உறைந்து, அழுத்தித் தகடாக்கிய ரப்பரைச் சில நாள் 50, 60 பாகைச் சூட்டில் புகையூட்டிக் காயவைக்க வேண்டும். கீழே விறகு எரியும். மேலே ரப்பர் தொங்கும். பலகைச் சுவராக இருந்தால் வெப்பமும் தங்காது, ஒரு பொறி பறந்தால் மாத வருமானமும் போய்விடும். ஆகவே ரப்பருக்குக் கல்வீடு. அடுத்து, இயந்திரம் நிற்கும் ஸ்டோருக்குக் கல் தளம். கொதிகலனுக்குக் கல் அடுப்பும் புகைபோக்கியும். துரை பங்களாவுக்குக் கல் தூண்.

இந்த வட்டாரத்தில்தான் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். 1917-இல் தென்னமாரம் தோட்டத்தில் அவர் நட்டதே மலாயாவின் முதல் வணிகச் செம்பனை. தமிழ்த் தொழிலாளரையும் பாத்திரங்களாகக் கொண்ட ‘மலேசீ’ என்ற நாவலுக்காக 1930-இல் கோன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. ரப்பரோடு முடிந்திருக்கக்கூடிய கரையோரக் களிமண்ணுக்கு இரண்டாம் வாழ்வு கொடுத்தது செம்பனை. புதிய பயிருக்கு எண்ணெய் ஆலை வேண்டும், நீராவி வேண்டும். அதற்கும் சுட்ட கல் வேண்டும். தோட்டத்துக்கு வந்த செங்கல் இம்முறையும் ஆலைக்கே போயிற்று.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர்த் தோட்டங்களில் மலேரியா குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போனது. கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் நீர் தேங்காமல் வடிப்பதே வழி என்று கண்டார். மேட்டுப்பாங்கான இடங்களில் ஓடைநீரில் பெருகும் கொசுவைத் தடுக்க, நிலத்தடியில் குழாய் பதித்து நீரைக் கொண்டுபோகும் முறையைக் கையாண்டார். அக்குழாய்கள் சுட்ட மண்ணால் ஆனவை. தொழிலாளிக்குப் பயன்பட்ட வெந்த மண் அன்று கண்ணுக்குத் தெரியாமல் அவர் காலடியில் கிடந்தது.

பத்து ஆராங்: ஒரே குழியில் மண்ணும் நெருப்பும்

கைச்சூளையின் காலம் வட சிலாங்கூரில் எப்படி மாறியது என்பதைப் பத்து ஆராங் சொல்லும். ரவாங்குக்கு மேற்கே உள்ள இந்த ஊரின் பெயரே நிலக்கரி என்று பொருள்படும். 1913-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய மலாயன் காலியரீஸ் நிறுவனம் இரண்டு ஆண்டுகளில் கரி எடுக்கத் தொடங்கியது. மலாயா ரயில்வேயின் இஞ்சின்களும் மின்நிலையங்களும் அந்தக் கரியில் ஓடின. கூவாங்கிலிருந்து ரயில் கிளைப்பாதை வந்து சேர்ந்தது.

கரிப்படிவத்தோடு களிப்பாறை அடுக்கடுக்காகக் கிடந்தது. கரிக்காக அகற்றிக் கொட்ட வேண்டிய அந்த மண்ணே அரைத்தால் கல்லுக்கு ஏற்றது. சுட நெருப்பு பக்கத்திலேயே இருக்கிறது. கல்லை ஏற்றிப் போக ரயிலும் இருக்கிறது. சிறிய சூளைக்காரரின் மூன்று பெரிய கவலைகளான மண், விறகு, வண்டி ஆகிய மூன்றும் ஒரே குழியில் தீர்ந்தன. நிறுவனம் செங்கல் ஆலையும் நடத்தியது. அந்த ஊரின் பழைய செங்கல் புகைபோக்கிகள் இன்றும் மரங்களுக்கு மேலே தலைநீட்டி நிற்கின்றன.

ஆலைக்கல்லுக்கும் கைக்கல்லுக்கும் வேறுபாடு எடுத்துப் பார்த்தாலே தெரியும். இயந்திரம் களியை நெருக்கிப் பிதுக்கி, கம்பியால் துண்டு போடும். ஓரம் கூர்மை, அளவு ஒன்று. இன்றைய மலேசியத் தரநிர்ணயம் களிமண் செங்கல்லுக்கு 215 மில்லிமீட்டர் நீளம், 102.5 அகலம், 65 உயரம் என்று வரையறுத்திருக்கிறது. கைக்கல்லுக்கு அப்படி ஓர் ஒழுங்கு இல்லை. ஒரு முகத்தில் மணல் ஒட்டியிருக்கும். மேல்முகத்தில் வழித்த தடம் இருக்கும். அச்சிலிருந்து எடுத்தவரின் விரல் அழுந்திய பள்ளமும் சில கல்லில் காணக்கிடைக்கும். சூளையில் நெருப்புக்கு அருகில் இருந்தது கறுத்திருக்கும், தள்ளி இருந்தது வெளிறியிருக்கும். கொத்தனார் அந்த ஏற்றத்தாழ்வைச் சாந்தின் கனத்தில் சரிக்கட்டுவார். சுவர் அதனால் உயிரோடு இருப்பது போலத் தோன்றும். விலையில் மட்டும் ஆலையோடு அது போட்டியிட முடியாது. பின்னர் சிமெண்டுக்கல் வந்தபோது களிமண் செங்கல்லே ஒதுங்கிப்போகத் தொடங்கியது.

பத்து ஆராங்கின் சுரங்கத்தில் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் வேலை செய்தார்கள். 1937 மார்ச்சில் அங்கே ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்தபோது, காலனி அரசு போலீசை ஏவி ஒடுக்கியது. 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. மலாயாவின் ரயிலை ஓட்டிய ஊர் அமைதியாகிவிட்டது.

லயத்துச் சுவர்

இப்போது லயத்துக்கு வருவோம். ஆண்டுக்கணக்காகத் தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு நிர்வாகம் கொடுத்த வீடு, நீளமாக ஓடும் ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுத்த அறை. பலகைச் சுவர், முதலில் அத்தாப்புக் கூரை, பிறகு தகரம். இந்தப் பக்கத்து அறையில் பிள்ளை இருமினால் அந்தப் பக்கம் தூக்கம் கெடும். வீடு வேலைக்குச் சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கல் வைத்துக் கட்டத் தேவையில்லை என்றே நிர்வாகங்கள் நினைத்தன. தொழிலாளி தங்கிப்போகிறவர், ஊர் திரும்புகிறவர் என்பது அவர்களுடைய கணக்கு.

அந்தக் கணக்கு பொய்த்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாத் தோட்டங்களுக்கு உதவி பெற்று ஆள் போவதைத் தடை செய்தது. ஏற்கெனவே வந்தவர்களில் பலர் இங்கேயே நிலைத்தனர். பிள்ளைகள் இங்கே பிறந்தனர்; தோட்டத்துப் பள்ளியில் படித்தனர்; பெரியவர்கள் இங்கேயே மண்ணுக்குள் போயினர். மனிதர் நிலைத்தபின்னும் சுவர் நிலைக்கவில்லை. சுதந்திர மலேசியாவில் தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் 1966-இல் வந்தது. அதை விரிவாக்கி 1990-இல் இன்னொரு சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு எத்தனை அறை, எவ்வளவு தண்ணீர், எப்படிப்பட்ட சுவர் என்பதைச் சட்டம் கேட்கத் தொடங்கிய பிறகே பலகை லயங்களின் இடத்தில் கல்வீடுகள் பரவலாயின. கல்வீடு கிடைத்தவரும் அதன் சொந்தக்காரர் அல்லர்.

இதில் நான் யாரையும் தனியே குறைசொல்ல எழுதவில்லை. மழைக்காட்டில் மரம் மலிவு, கல் விலை கூடுதல். தோட்டக்காரர் மலிவானதை எடுத்தார் என்று வாதிடலாம். ஆனால் அதே காட்டில் ரப்பர் தகட்டுக்குக் கல்வீடு கட்ட முடிந்திருக்கிறது. முடியாமையைக் காரணம் காட்ட அந்தப் புகைவீட்டுச் சுவர் இடம் தரவில்லை.

சொந்தக் கல்

தொழிலாளியின் சொந்தக் காசில், சொந்த விருப்பத்தில் தோட்டத்துக்குள் எழுந்த கல்கட்டடம் ஒன்று உண்டு. அது கோயில்.

அதன் வளர்ச்சி எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி. முதலில் ஒரு மரத்தடி. ஒரு கல் அல்லது சூலம். காடு வெட்டும்போது பாம்பும் காய்ச்சலும் தொடாமல் காக்க மாரியம்மனோ முனியாண்டியோ காளியோ வந்து நிற்பார்கள். பிறகு நான்கு கால் நட்டு ஓலை வேய்வார்கள். பிறகு தகரக் கொட்டகை. சம்பளத்தில் மாதாமாதம் கோயிலுக்கென்று பிடித்த காசு சேர்ந்து, திருவிழாவில் மிஞ்சியதும் சேர்ந்தபின் கர்ப்பகிரகத்துக்குக் கல் வாங்குவார்கள். மண்டபம் அடுத்த தலைமுறைக்கு. கோபுரத்துக்கு ஊர்ப்பக்கமிருந்து சிற்பியை அழைப்பது அதற்கும் பிறகு. தஞ்சோங் பகார்ச் சூளைக்காரர் 1827-இல் ஓலையில் தொடங்கியதும் பின்னர் கல்லானதும் நினைவுக்கு வரும்.

பலகை அறையில் பிறந்து பலகை அறையிலேயே இறந்த ஒருவர், தன் பேர்சொல்லும் கல் ஒன்றை அந்தச் சுவரில் வைத்திருந்தார். தோட்டத்தில் அவருக்கு உரிமையென்று இருந்த ஒரே கல் அது. தோட்டம் விற்கப்பட்டு, கோயிலை அகற்ற வேண்டும் என்று ஓலை வரும்போது மக்கள் ஏன் அப்படித் தவிக்கிறார்கள் என்று வெளியில் இருப்பவர் வியக்கலாம். வழிபாட்டிடம் என்பது ஒரு காரணம். மூன்று தலைமுறை சேமிப்பு அங்கே சுவராக நிற்கிறது என்பது அதோடு சேர்ந்த இன்னொரு காரணம்.

செங்கல் வந்த வரிசை

வட சிலாங்கூரின் புக்கிட் தாகார் வட்டாரத்தில் நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள், இருநூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள், சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுக்கும் மேலாகக் குரல் கொடுத்தார்கள். தோட்டம் கைமாறிய பின்னும் தளராமல் கேட்டார்கள். தன் பெயரில் பட்டா, தன் சுவர், தன் கதவு. அந்தக் கோரிக்கையின் எளிமையே நம் வரலாற்றின் எடையைச் சொல்கிறது.

செங்கல் தோட்டத்துக்குள் வந்த வரிசையை இப்போது எழுதிப் பார்க்கலாம். முதலில் புகைவீடு. பிறகு ஸ்டோரும் துரை பங்களாவும். அதன்பின், தொழிலாளி தானே காசு போட்ட கோயில். அதன்பின் சட்டம் கேட்டபோது வந்த குடியிருப்பு. கடைசியில், போராடிக் கேட்கும் சொந்த வீடு. இந்த வரிசையின் முதல் கல்லுக்கும் கடைசிக் கல்லுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு.

அந்த நூற்றாண்டை நாம் இன்னும் அளந்து எழுதவில்லை. அளக்கக் கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். பழைய புகைவீடு இடிபடும்போது ஒரு கல்லை எடுத்து நீள அகலம் குறிக்கலாம், எடை பார்க்கலாம், முத்திரை இருந்தால் படம் பிடிக்கலாம்; அது கைக்கல்லா, ஆலைக்கல்லா என்று பார்த்தாலே சுவரின் காலம் ஓரளவு தெரியும். கோயிலைப் புதுப்பிக்கிறவர்கள் பழைய சுவரைக் குப்பைக்கு அனுப்பும் முன் ஒரு கல்லையாவது எடுத்து வைத்து, கோயில் கட்டக் காசு கொடுத்தவர்களின் பெயர் எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் அதோடு வைக்கலாம். தோட்டத்துப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வரலாம்: “நம்ம வீட்டுக்கு முதல் செங்கல் எந்த வருஷம் வந்துச்சு, பாட்டி?”

அந்த விடைகளை அடுக்கினால், வட சிலாங்கூர்த் தமிழரின் வரலாற்றுக்கு ஒரு சுவர் எழும்பும்.